வெள்ளவத்தையிலிருந்து முதற் குளிர்காலத்துக்கு: பெட்டி கட்டுகிற பிள்ளைகளுக்கு

ஓகஸ்ட் பிறந்தால் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலாவது வெளிநாட்டுப் படிப்புக்குப் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். மிளகாய்த்தூள் இடிக்க மில்லுக்கு ஓடுவார்கள். பெட்டியைத் தராசில் வைத்து இரண்டு கிலோவை வெளியே எடுப்பார்கள், பிறகு அம்மா அதில் ஒன்றைத் திருப்பி உள்ளே வைப்பார். ஒன்பது குளிர்காலம் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்க்கவென்று வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தவள் நான். அதனால் "அக்கா, அங்க குளிருக்கு என்ன கொண்டுபோக வேணும்?" என்று கேட்டு வருகிற பிள்ளைகள் அதிகம். எல்லோரும் ஜக்கெட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஐந்து மணிக்கு முன்னமே பொழுதுபட்ட பிறகு என்ன செய்வது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

முதல் வருடம் என்னை விழுத்தியது குளிர் இல்லை, அந்த இருட்டுத்தான். ஆகவே உடுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நாளை எப்படிக் கொண்டுபோவது என்பதை விரிவாக எழுதுகிறேன். ரொறன்ரோவை வைத்து எழுதினாலும் வேறு வடநாடுகளுக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வேலை: சூரியனையும் மணிக்கூட்டையும் தெரிந்துகொள்ளுங்கள்

கொழும்பில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் விடியும், ஆறு மணியை ஒட்டித்தான் இருளும். டிசம்பர் 21இலும் எங்களுக்குப் பதினொன்றே முக்கால் மணி நேரம் பகல் இருக்கிறது. அதே நாளில் ரொறன்ரோவுக்கு ஒன்பது மணி நேரம்கூட முழுதாகக் கிடைக்காது. காலை 7.48 போல விடிந்து மாலை 4.44 போல மறைந்துவிடும். ஒஸ்லோவில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. நோர்வேயின் வடக்கே துறொம்ஸோ வரை போனால் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. பூமி 23.4 பாகை சரிந்து சுற்றுவதன் விளைவு இது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சரிவு தெரிவதே இல்லை.

நவம்பர் முதல் ஞாயிறு ரொறன்ரோவில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். சனிக்கிழமை ஆறு மணிக்குப் பட்ட பொழுது ஞாயிறு ஐந்து மணிக்குப் படும். இலங்கையோடு இருந்த ஒன்பதரை மணி வித்தியாசமும் பத்தரை மணியாகிவிடும். இதை வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த வாரம் அம்மாமார் வழக்கமான நேரத்துக்குக் காத்திருந்து, அழைப்பு வரவில்லை என்று பயப்படுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

நாலாம் மாதம் வரும்வரை மனதுக்குள் வைத்திருக்க ஒரு கணக்கும் தருகிறேன். சூரியன் ஆகவும் முந்தி மறைகிற நாட்கள் டிசம்பர் முற்பாதியில் வந்து போய்விடும். ஜனவரி முடியும்போது ஐந்தரை மணிக்குக் கிட்ட, பெப்ரவரி முடியும்போது ஆறு மணி. வெளியே குளிர் கூடிக்கொண்டு போகிற நாட்களிலேயே வெளிச்சம் திரும்பி வந்துகொண்டிருக்கும். நான் கலண்டரில் ஒவ்வொரு ஞாயிறும் சூரியன் மறையும் நேரத்தைப் பென்சிலால் எழுதிவைப்பேன். சின்ன வேலைதான், ஆனால் ஜனவரியில் பெரிய ஆறுதல்.

இரண்டாவது: கொழும்பில் எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது

உள்ளே போடுகிறவற்றை இங்கே வாங்குங்கள், வெளியே போடுகிறவற்றை அங்கே வாங்குங்கள். தேர்மல் மேல்சட்டையும் காற்சட்டையும் இரண்டு சோடி, கம்பளி மேஸ் நாலைந்து சோடி, ஒன்றிரண்டு பிளீஸ் சுவெட்டர். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை விற்கிற கடைகளிலும் நுவரெலியா பஸாரிலும் இவை மலிவாகவே கிடைக்கும். பெரிய கோட்டையும் சப்பாத்தையும் மட்டும் இங்கே வாங்காதீர்கள். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லில் வெள்ளையாகப் படிகிற உறைபனிக்குப் போதுமான ஜக்கெட், காற்று வீசும் −15 பாகைக்குப் போதாது. பெட்டியில் பாதி இடத்தையும் அது பிடித்துவிடும்.

ஜனவரி வகுப்புக்குப் போகிறவர்கள் நேரே நடுக்குளிரில் இறங்குகிறவர்கள். அவர்கள் மாத்திரம் விமான நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேர ஒரு தொப்பி, கையுறை, தடித்த ஜக்கெட் ஒன்றைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். கூட்டிப்போக வருகிறவரிடம் ஒரு பழைய கோட்டைக் கொண்டுவரச் சொல்லலாம். கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை, அங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவர் அப்படிக் கொண்டுவந்திருப்பார்.

தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் அகன்ற வாய்ப் போத்தலில் ஊற்றுங்கள். 24 பாகைக்குக் கீழே அது கட்டியாகிவிடும். ஒடுங்கிய வாய்ப் போத்தலுக்குள் உறைந்த எண்ணெயை வெந்நீரில் வைத்து இளக்கித் தலைக்கு வைக்கப் பத்து நிமிடம் போய்விடும், காலை வகுப்பு இருக்கிற நாளில் அது பெரிய நேரம். கடைசியாக, பெட்டி மூட முதல் ஒரு சீட்டுக்கட்டு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது: கோட்டும் சப்பாத்தும் நடையும்

ஒரே தடித்த உடுப்பைவிட மூன்று மெல்லிய படைகள் நல்லவை. உடம்போடு ஒட்டி வியர்வையை வெளியேற்றுகிற தேர்மல், அதன்மேல் சூட்டைப் பிடித்துவைக்கிற பிளீஸ் அல்லது கம்பளி, வெளியே காற்றையும் ஈரத்தையும் தடுக்கிற கோட். பருத்தி ரீசேட்டை அடியில் போடாதீர்கள். வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருந்து உடம்பைக் குளிரப்பண்ணும். கோட் இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும், தலைமூடி இருக்க வேண்டும். வலியூ வில்லேஜ் போன்ற பழைய உடுப்புக் கடைகளில் நல்ல கோட்டுகள் தொங்கும். என் முதற் கோட் அப்படி வாங்கியதுதான், ஆறு வருடம் உழைத்தது.

பணத்தைச் செலவழிப்பதென்றால் சப்பாத்துக்குச் செலவழியுங்கள். தண்ணீர் உட்புகாததாக, அடி நன்றாக வெட்டுப் போட்டதாக, கம்பளி மேஸ் போட்ட பிறகும் விரல் அசைய இடமுள்ளதாகப் பாருங்கள். இறுக்கமான சப்பாத்துக்குள் கால் இன்னும் கெதியாக விறைக்கும். விரல்களுக்குத் தனித்தனி அறை வைத்த கையுறையைவிட, நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கிற மிற்றன்ஸ் சூடானது.

விழுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்நோவில் விழுவதில்லை. பகலில் உருகி இரவில் திரும்ப இறுகி, தார்வீதியின் நிறத்திலேயே கிடக்கிற கண்ணாடிப் பனியில்தான் விழுகிறார்கள். அடியைக் கிட்டக் கிட்ட வையுங்கள், முழுப் பாதத்தையும் பதியுங்கள், கையைப் பைக்குள் விடாதீர்கள். பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று ஃபோனில் பார்த்துவிட்டு வீட்டைவிட்டு இறங்குங்கள். வானிலை அறிவிப்பில் வெப்பநிலையை மட்டும் பாராமல் காற்றோடு சேர்த்த கணக்கையும் பாருங்கள். அது −28ஐத் தொட்டால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையக்கூடும். காதோ விரலோ வெளுத்து உணர்வில்லாமல் போனால் தேய்க்காதீர்கள். உள்ளே போய் இளஞ்சூட்டு நீரில் வையுங்கள். உணர்வு திரும்பாவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

நான்காவது: பூட்டிய யன்னலுக்குள் ஒரு குசினி

முதலில் போகிற பிள்ளைகளில் பலர் பேஸ்மென்டில், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில்தான் இருப்பார்கள். யன்னல் சின்னது, அதுவும் ஸ்நோ மூடினால் பகலும் இரவும் ஒன்றுதான். வீடு பார்க்கும்போது சூடு எப்படி வருகிறது, அதைக் கூட்டிக்குறைக்கிற கட்டுப்பாடு யாருடைய கையில் என்று கேளுங்கள். ரொறன்ரோ மாநகர விதிப்படி குளிர்மாதங்களில் வாடகை வீட்டைக் குறைந்தது 21 பாகையில் வைத்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் நான் அதைத் தெரியாமல் இரண்டு மாதம் கோட்டோடு படுத்திருக்கிறேன். குளிர்கிறதென்று அடுப்பைத் திறந்துவைத்து அறையைச் சூடாக்காதீர்கள், கரி எரிக்கவே எரிக்காதீர்கள். எரிவாயு ஓடுகிற வீட்டில் காபனோரொட்சைட்டு அலாரம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

செத்தல் மிளகாய் வறுத்தால் புகை அலாரம் கத்தும். அதன் பற்றரியைக் கழற்றாதீர்கள், மின்விசிறியைப் போட்டுச் சிறு நெருப்பில் வறுங்கள், அல்லது வறுத்த தூளாகவே கொண்டுபோங்கள். தாளிக்க முதல் கோட்டை அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். கோட்டை ஒவ்வொரு வாரமும் தோய்க்க முடியாது, குசினி மணம் அதில் ஏறினால் மார்ச் வரை உங்களோடு வரும். உழுந்து மா புளிக்காமல் கல்லாகக் கிடந்தால், ஒவனின் விளக்கை மட்டும் போட்டு, நெருப்பைப் போடாமல், மாச்சட்டியை உள்ளே வையுங்கள். விடிய நுரைத்து நிற்கும். வேறு யாரும் தெரியாமல் ஒவனைப் போட்டுவிடாதபடி கதவில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டிவிடுங்கள்.

உள்ளே காற்று மிகவும் வறண்டு போகும். உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கிலிருந்து இரத்தம் வரும். குளித்த உடனே ஈரத்தோடு எண்ணெயோ களிம்போ பூசுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். அந்த மாதங்களில் சாய்ந்த வெயிலில் எங்கள் தோல் விற்றமின் டீயை ஆக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். கனடாவில் வயதுவந்தவர்களுக்கு, 70 வயது வரை, நாளொன்றுக்கு 600 அலகு என்று சொல்லியிருக்கிறார்கள். பாலில் சேர்த்தே விற்கிறார்கள். மாத்திரை வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

ஐந்தாவது: மாலை நடையை மதியத்துக்கு மாற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுப்பீர்கள் என்றால் இதை எடுங்கள். எங்களுக்கு உலாவல் என்றால் மாலை. மரைன் டிரைவில் ரெயில் போகிற சத்தத்தோடு கடலைப் பார்த்து நடந்தது, காலிமுகத்தில் வடை வாங்கித் தின்றது எல்லாம் வெயில் தாழ்ந்த பிறகுதான். வெயிலுக்கு ஒதுங்கி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அந்தப் பழக்கத்தோடு அங்கே போனால், வகுப்பும் வேலையும் முடித்துவிட்டு வெளியே போவோம் என்று நினைக்கும்போது இருண்டுவிடும். "நாளைக்குப் பார்ப்பம்" என்று படுப்போம். அப்படியே பத்து நாள் சூரியனைப் பாராமல் போய்விடும்.

ஆகவே மதியம் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் இருபது நிமிடம் வெளியே நடப்பதை ஒரு பாடவேளைபோலக் குறித்துவையுங்கள். வெயில் இல்லாத மப்பு நாளிலும் வெளியே இருக்கிற வெளிச்சம் அறைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு. களஞ்சியத்தில் இரவு வேலை செய்கிறவர்கள் விடிந்து வீடு வந்ததும் படுத்துவிடுவார்கள். எழும்புகிற நேரத்தை ஒரு மணிக்குப் பிந்தாமல் வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று மணி நேர வெளிச்சமாவது மிஞ்சும். நடக்கும்போது இலையில்லாத மரங்களைப் பாருங்கள். வெள்ளை ஸ்நோவில் செக்கச் சிவந்த கார்டினல் குருவி வந்து இருக்கும், அது குளிர்காலத்தில் தெற்கே போகாத குருவி. முதன்முதலில் கண்டபோது நான் கையுறையைக் கழற்றிப் படம் எடுக்கப்போய் விரல் விறைத்துப்போனேன்.

வீட்டுக்கு எடுக்கிற அழைப்புக்கும் ஒரு நேரம் வையுங்கள். எனக்கு வாய்த்தது மாலை ஆறரை. குளிர்காலக் கணக்கில் அது கொழும்பில் விடிய ஐந்து மணி. மார்கழியில் திருவெம்பாவைக்கு அம்மா கோயிலுக்கு வெளிக்கிடுகிற நேரம். அவர் ஃபோனைக் கையில் பிடித்தபடி போவார், எனக்கு இந்தப் பக்கம் இருட்டுக் கட்டின பேஸ்மென்டில் சங்கும் சேமக்கலமும் கேட்கும். அந்தப் பத்து நாளும் எனக்குச் சாப்பாடுகூட இரண்டாவதுதான்.

ஆறாவது: காசு இல்லாமல் போகக்கூடிய சூடான இடங்கள்

நூலக அட்டையை முதல் வாரமே எடுங்கள். ரொறன்ரோவில் இருக்கிறவர், படிக்கிறவர், வேலை செய்கிறவர் எல்லோருக்கும் இலவசம். பெயரையும் விலாசத்தையும் காட்டுகிற அத்தாட்சியைக் கொண்டுபோங்கள். நூறு கிளைகள் இருக்கின்றன. மல்வேர்ன் உட்பட ஸ்காபரோக் கிளைகள் சிலவற்றில் தமிழ்ப் புத்தகங்கள் தட்டுத்தட்டாக இருக்கும். உள்ளே சூடு, பெரிய யன்னல், ஒன்றும் வாங்காமல் நாள் முழுக்க இருக்கலாம், ஒருவரும் எழும்பச் சொல்லமாட்டார்கள். படிக்கப் போகாவிட்டாலும், மனிதர் நடமாடுகிற ஒரு அறையில் இருப்பதற்காகப் போங்கள்.

நகரின் நடுவே அலன் கார்டன்ஸ் என்று ஒரு பூங்கா இருக்கிறது. அதற்குள் 1910இல் திறந்த ஒரு கண்ணாடி மாளிகை. அனுமதிக் கட்டணம் இல்லை. வெளியே −12 பாகையில் நடந்துவந்து கதவைத் திறந்தால் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படியும். அதைத் துடைக்க முதலே மணம் வந்துவிடும், மழை பெய்து விட்ட ஈரமண்ணின் மணம், பச்சை இலை மணம். பேராதனைப் பூங்காவுக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போன நினைவு எனக்கு அப்படியே வந்தது. ஒரு பாம் மரத்தின் கீழே இருந்த வாங்கில் அரை மணி நேரம் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு இருந்தேன். பிறகு ஒவ்வொரு ஜனவரியும் அங்கே போவதை ஒரு நேர்த்திபோல வைத்திருந்தேன். வேலை முடிந்தவுடன் போகலாம் என்று நினையாதீர்கள், மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

மாநகர மண்டபத்துக்கு முன்னால் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் கோடையில் தண்ணீர்த் தடாகமாக இருப்பதைக் குளிர்காலத்தில் உறையவைத்துச் சறுக்குகிற தளமாக்குவார்கள். அதற்கும் கட்டணமில்லை. சறுக்குச் சப்பாத்து இல்லாதவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். முதல் நாள் ஓரக்கம்பியைப் பிடித்துக்கொண்டே சுற்றுங்கள், முழங்காலை மடித்து வையுங்கள், விழப்போனால் பக்கவாட்டில் விழுங்கள், தலைக்கவசம் போடுங்கள். நாலு வயதுப் பிள்ளைகள் உங்களைத் தாண்டிப் போவார்கள். வெட்கப்பட வேண்டாம், அவர்கள் அந்தப் பனியில் பிறந்தவர்கள்.

ஒன்ராறியோ ஓவியக்கூடத்தில் சில புதன் மாலைகளில் அனுமதி இலவசம், எந்தப் புதன் என்று முன்கூட்டியே பாருங்கள். ஒன்ராறியோவில் இருக்கிற, 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்த நாளும் இலவசம். நகர மையத்தில் காற்றடிக்கிற நாட்களில் நடக்கவேண்டியிருந்தால் நிலத்துக்குக் கீழே பாத் என்கிற சுரங்கப் பாதை வலை இருக்கிறது, முப்பது கிலோமீற்றருக்கும் மேல். வழி தவறும், பயப்படாதீர்கள், எங்கேயாவது ஒரு ரெயில் நிலையத்தில் ஏறிவிடலாம்.

ஏழாவது: சீட்டுக்கட்டும் கூழும்

முதல் வருடம் ஜனவரி மூன்றாம் வாரம், நான் பதினொரு நாளாக வீட்டுக்கு அழைப்பு எடுக்கவில்லை. வகுப்புக்கும் போகவில்லை. மேல்வீட்டு அக்கா படியிறங்கி வந்து கதவில் தட்டினார். "என்ன பிள்ளை, ஃபோனும் எடுக்கிறேல்ல, கதவும் திறக்கிறேல்ல. வா மேல, முன்னூற்றி நாலுக்கு ஒரு கை குறையுது" என்றார். எப்படி இருக்கிறாய், ஏன் அழுகிறாய் என்றெல்லாம் கேட்கவில்லை. ஒரு கை குறைகிறது என்றார், அவ்வளவுதான். அதற்காக நான் அவருக்கு இன்றைக்கும் கடன்பட்டவள்.

304 என்கிற சீட்டாட்டம் தெரியாத பிள்ளைகள் இப்போது கொழும்பில் நிறையப் பேர். போக முதல் தாத்தாவிடமோ மாமாவிடமோ பழகிக்கொண்டு போங்கள். நாலு பேர், எதிரெதிரே இருக்கிறவர்கள் ஒரு பக்கம். ஏழு முதல் மேலே 32 சீட்டு, ஆளுக்கு எட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்குப் 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் 304. ராசாவையும் ராணியையும் ஒன்பது வெட்டிப்போடுகிற விளையாட்டு இது. துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைக் காட்டாமல் இருப்பதில்தான் கெட்டித்தனம். ஒரு கை தொடங்கினால் இரவு பத்து மணி ஆவது தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாலு பேர் ஒரு மேசையில் முகம் பார்த்து இருக்க வேண்டும், ஒருவர் வராவிட்டால் மற்ற மூவரும் தேடுவார்கள். தனியே திரையில் விளையாடுகிற எந்த விளையாட்டிலும் உங்களைத் தேட ஆளில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூழ் காய்ச்சுங்கள். ஒடியல் மா ஸ்காபரோத் தமிழ்க் கடைகளில் கிடைக்கும். நண்டு, இறால், மீன்தலை, பலாக்கொட்டை எல்லாம் உறையவைத்த பொதியில் வரும். ஆளுக்கொரு சாமான் என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் செலவும் இல்லை, வராமல் நிற்கவும் முடியாது. பெரிய பானையில் கொதிக்கிற புளியும் மிளகாயும் கண்ணாடி யன்னலில் ஆவியாகப் படியும்போது வெளியே எத்தனை பாகை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பிலாவிலை கிடையாது, கோப்பைதான். ஜனவரியில் பொங்கல் வருகிறது, அந்த மாதத்தைக் கனடாவில் தமிழ் மரபுத் திங்களாக 2016இல் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. மண்டபங்களில் நிகழ்ச்சிகள் இருக்கும், பார்க்கப் போங்கள். கதிரை அடுக்கவும் ஆள் தேவைப்படும். கதிரை அடுக்கப் போன இடத்தில்தான் எனக்குச் சிநேகிதர் கிடைத்தார்கள்.

எட்டாவது: மனம் படுத்துவிட்டால்

நித்திரை கூடுகிறது, சோறும் சீனியும் தேடுகிறது, ஃபோன் அடித்தால் திருப்பிக் கவிழ்க்கிறீர்கள், முன்பு பிடித்தது ஒன்றும் பிடிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது சோம்பல் இல்லை. வெளிச்சம் குறைந்த மாதங்களில் வருகிற மனச்சோர்வு என்று வைத்தியர்கள் 1984 முதல் பெயர் வைத்துக் கவனிக்கிற ஒன்று. காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் விளக்குக்கு முன்னால் இருப்பது பலருக்கு உதவுகிறது. கண் வருத்தமோ வேறு மனநோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பல்கலைக்கழகங்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் கனடா எங்கும், இரவு பகல் எந்த நேரமும், 988க்கு அழையுங்கள். அம்மா கவலைப்படுவார் என்று மறைக்காதீர்கள். பேசாமல் இருக்கிற பிள்ளையை நினைத்துத்தான் இங்கே அம்மாமார் நித்திரை கொள்ளாமல் இருக்கிறார்கள்.

ஒன்பதாவது: மார்ச்சை நம்பி ஏமாறாமல்

மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூடு முன்னுக்குப் போகும். ஒரே நாளில் மாலை ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் நிற்கும். பிள்ளைகள் கோட்டைத் திறந்துபோட்டுத் திரிவார்கள். ஏரியிலும் குளத்திலும் பனி அப்போது மெல்லிசாகியிருக்கும், யார் நடந்தாலும் நீங்கள் கால் வைக்காதீர்கள். ஏப்ரலிலும் ஒரு ஸ்நோ வந்து போகும். சித்திரைப் புதுவருடத்துக்கு உடுத்த சேலைக்கு மேல் கோட் போட்டுக்கொண்டு போன வருடங்கள் எனக்கு உண்டு. ஏப்ரல் கடைசியில் கோட்டைத் தோய்த்துக் காயவைத்து மடியுங்கள். கையுறை இரண்டையும் அதன் பைக்குள்ளேயே விட்டு மடியுங்கள், நவம்பரில் தேடவேண்டி வராது.